பெருக்காறும் மடுவும்

காஞ்சிபுரத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இருவர், ஒரே கேள்விக்கு இரண்டு விடை சொன்னார்கள். தனகோடி அம்மாள், 20-ஆம் நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளிலேயே கிராமபோன் கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்த புனல் முன் அமர்ந்து பாடினார். தென்னிந்தியாவில் தட்டுக்குக் குரல் கொடுத்த முதல் தலைமுறைப் பாடகிகளில் அவர் ஒருவர். அவருடைய சகோதரி காமாட்சி அம்மாளின் மகன் சுப்பிரமணிய பிள்ளை. 1889-இல் பிறந்து 1934-இல் மறைந்த அவரை இசை உலகம் காஞ்சிபுரம் நயினா பிள்ளை என்று அறியும். மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று தாளக்காரர்கள் மேடையை அடைத்து உட்கார, ‘புல் பெஞ்ச்’ கச்சேரியில் அத்தனை பேருக்கும் ஈடுகொடுத்துப் பல்லவி பாடிய லய சிங்கம் அவர். அவருடைய குரல் ஒரு தட்டில்கூட இல்லை. கேட்டும் அவர் தட்டுக்குப் பாட இசையவில்லை என்பது இசைக்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

சித்தி முறையோ பெரியம்மா முறையோ எதுவாயினும், ஒரே வீட்டுச் சங்கீதம்தான். ஒரு குரல் அரக்கில் பதிந்தது. இன்னொன்று காற்றோடு போனது.

கடலுக்கு அப்பால் நியூ ஆர்லியன்ஸ் நகரிலும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில் இதே விடைகள் சொல்லப்பட்டன. ஜாஸ் என்று பின்னால் பெயர் பெற்ற இசையின் தொடக்கப் புள்ளியாகப் பலரும் சுட்டுகிற கார்னெட் கலைஞர் பட்டி போல்டன். 1907-இல் மனநல விடுதிக்குள் போனவர், 1931-இல் இறக்கும்வரை வெளியே வரவில்லை. அவர் ஊதியதில் ஒரு நொடிகூட இன்று கேட்கக் கிடைக்காது. அவருக்குப் பின் வந்த ஃப்ரெடி கெப்பர்டுக்கு 1916-இல் விக்டர் கம்பெனி வாய்ப்புக் கொடுத்தும், தன் வாசிப்பைப் பிறர் திருடிவிடுவார்கள் என்று மறுத்துவிட்டார் என்பது ஜாஸ் உலகில் பரவலாகச் சொல்லப்படும் கதை. 1917 பிப்ரவரியில் ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் என்ற வெள்ளையர் குழு அதே கம்பெனிக்கு வாசித்தது. முதல் ஜாஸ் தட்டு என்ற பெயர் அதற்குப் போயிற்று. கெப்பர்டு 1920-களில் தட்டுக்கு வாசிக்க வந்தபோது அவருடைய உச்சக் காலம் கடந்துவிட்டிருந்தது.

ஜாஸ் தட்டுகளைச் சேர்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ப்ளூ நோட் கம்பெனித் தட்டின் லேபிளில் லெக்சிங்டன் அவென்யூ என்ற முகவரி அச்சாகியிருந்தால் அது 1950-களின் பழைய அச்சு என்று பார்த்தவுடன் சொல்வார்கள். பாட்டு முடிந்தபின் ஊசி சுற்றும் வெற்று வளையத்தில் கீறியிருக்கும் எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார்கள். அவர்களே மாலையில் சின்ன மன்றம் ஒன்றின் இருட்டில் உட்கார்ந்து, இனி ஒருபோதும் அதேபோல் வராத ஒரு வாசிப்பைக் கேட்டுக் கண்மூடியிருப்பார்கள். ஜாஸின் உயிர் மனோதர்மம். நம் ஆலாபனையும் நிரவலும் போல, அந்த நேரத்தில் பிறந்து அந்த நேரத்தில் முடிவது. அப்படியிருக்க, மறைவதையே இயல்பாகக் கொண்ட ஒன்றைப் பிடித்து அலமாரியில் வைக்க முடியுமா? வைத்திருப்பது அதுதானா, அதன் நிழலா?

ஜாஸ் கலைஞர் எரிக் டால்ஃபி இதற்குத் தெளிவாகவே விடை சொன்னார். 1964 ஜூன் 2 அன்று நெதர்லாந்தின் ஹில்வெர்சம் நகரில் அவர் வாசித்தது ‘லாஸ்ட் டேட்’ என்ற தட்டாக வந்தது. அதன் முடிவில் அவருடைய பேச்சுக்குரல் சேர்க்கப்பட்டிருக்கிறது. இசை ஒலித்து முடிந்ததும் காற்றில் போய்விடுகிறது, அதை மறுபடி பிடிக்கவே முடியாது என்பது அந்தப் பேச்சின் கருத்து. அதே மாதம் 29-ஆம் தேதி பெர்லினில் அவர் இறந்தார். வயது 36. பிடிக்க முடியாது என்று சொன்ன குரல் அறுபது ஆண்டுகளாகத் தட்டில் பிடிபட்டு நிற்கிறது. டால்ஃபி சொன்னது உண்மை. அந்தத் தட்டைக் கேட்டவர்களின் தொண்டை அடைத்துக்கொள்வதும் உண்மை. இரண்டு உண்மையும் சேர்ந்து நிற்க இடம் எங்கே இருக்கிறது?

காஞ்சிபுரத்தில் இருக்கிறது. இசையைப் பற்றிக் கேட்கும் இதே கேள்வியை அந்த ஊர் கடவுளைப் பற்றிப் பல நூற்றாண்டுகளாகக் கேட்டுவந்திருக்கிறது.

திருவெஃகாவில் ‘சொன்னவண்ணம் செய்த பெருமாள்’ பள்ளிகொண்டிருக்கிறார். பல்லவ மன்னன், திருமழிசை ஆழ்வாரைத் தன்மேல் பாடச் சொல் என்று அவருடைய சீடர் கணிகண்ணனிடம் கேட்கிறான். ஆழ்வார் மனிதரைப் பாட மாட்டார் என்கிறார் சீடர். ஊரைவிட்டுப் போ என்கிறான் மன்னன். சீடர் கிளம்ப, ஆழ்வாரும் கிளம்புகிறார். போகும்முன் கோயிலுக்கு வந்து, நீயும் உன் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வா என்று பாடுகிறார். பெருமாள் எழுந்து பின்னால் நடக்கிறார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம்தான் ஊருக்கு அருகிலிருக்கும் ஓரிக்கை என்பார்கள். இருண்டுபோன நகரத்தைக் கண்டு மன்னன் மனம் மாறி மன்னிப்புக் கேட்க, ஆழ்வார் மறுபடி பாடுகிறார். பெருமாள் திரும்பி வந்து படுத்துக்கொள்கிறார்.

இது ஒரு கச்சேரியின் கதையும்கூட. பாட மறுத்தவர்களின் கதை என்பதால் நயினா பிள்ளைக்கும் இதில் ஓர் இடம் உண்டு. அந்தப் பாட்டு அந்தக் கணத்தில், அந்த வாயிலிருந்து வந்தபோது கடவுளையே எழுப்பியது. அதே வரிகளை இன்று எத்தனையோ பேர் சொல்கிறார்கள். பெருமாள் எழுந்து நடப்பதில்லை. வரி நின்றது, நிகழ்ச்சி போய்விட்டது. ஆனால் சந்நிதியில் ஒன்றைக் கவனிக்கலாம். திரும்பி வந்து படுத்ததால், மற்ற தலங்களில் காண்பதற்கு எதிர்ப்புறமாகத் தலைவைத்துக் கிடக்கிறார் என்கிறது கோயில் மரபு. நடந்து முடிந்த ஒன்றின் தடம் மூர்த்தத்தில் இருக்கிறது. தட்டில் ஊசி ஓடும் வரியும் அப்படி ஒரு தடம்தான்.

இந்தத் தடத்தை எப்படி மதிப்பது என்பதற்கு வைணவம் ஓர் உவமை சொல்லியிருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் திருவரங்கத்தில் வாழ்ந்தவர் பிள்ளை லோகாசாரியர். காஞ்சிப் பேரருளாளனான வரதராஜப் பெருமாளே அவராகப் பிறந்தார் என்பது அந்த மரபின் நம்பிக்கை. அவருடைய ஸ்ரீவசன பூஷணம், கடவுளின் ஐந்து நிலைகளைத் தாகத்தில் தவிப்பவனுக்குக் கிடைக்கும் ஐந்துவகைத் தண்ணீராகப் பார்க்கிறது. உள்ளுறைந்த கடவுள் நிலத்தடி நீர். தோண்டத் தெரிந்தவனுக்கே எட்டும். பரமபதத்துக் கடவுள் அண்டத்துக்கு வெளியே சூழ்ந்த நீர். வியூகம் பாற்கடல். ராமனாகவும் கண்ணனாகவும் வந்த அவதாரங்கள் பெருக்கெடுத்த ஆறு. அந்தக் காலத்தில் கரையில் நின்றவர்கள் குடித்தார்கள். நமக்கு அது ஓடிப்போன வெள்ளம். கோயிலில் நிற்கும் அர்ச்சை, அந்த ஆறு ஓடியபின் தேங்கி நிற்கும் மடு.

ஜாஸ் தட்டு சேர்ப்பவரின் சங்கடத்துக்கு இதைவிடப் பொருத்தமான விடை கிடைப்பது அரிது. கச்சேரி பெருக்காறு, தட்டு மடு. மடுவில் நிற்பது ஆற்றின் படமன்று. அதே தண்ணீர். வேகம் இல்லை, ஓசை இல்லை, கரையை இடிக்கும் வலிமை இல்லை. ஆனால் தாகம் தீரும். பிந்திப் பிறந்தவர்களுக்கும் தொலைவில் பிறந்தவர்களுக்கும் அது மட்டுமே தண்ணீர். நியூயார்க் மன்றத்தில் ஒரு நள்ளிரவு வாசிக்கப்பட்டதை, அந்த நகரத்தைப் பார்த்தேயிராத ஒருவர் தன் வீட்டுத் திண்ணையில் கேட்பது அந்த மடுவில் குனிந்து குடிப்பதுதான்.

ஆனால் உவமையை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. முதல் இடறல் பதில் பேச்சில் இருக்கிறது. வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசிய திருக்கச்சி நம்பியிடம் பெருமாள் பேசினார்; ராமானுசரின் ஐயங்களுக்கு அவர் வழியாக ஆறு வார்த்தைகள் சொல்லியனுப்பினார். அர்ச்சை பதில் சொல்லும் என்பது பக்தரின் உறுதி. தட்டு பதில் சொல்லாது. ‘பலே’ என்றாலும் ‘சபாஷ்’ என்றாலும் அது தன்பாட்டுக்குச் சுற்றும்.

கேட்பவரின் பதில் எவ்வளவு பெரியது என்பதற்கு 1956 ஜூலை 7 சாட்சி. நியூபோர்ட் ஜாஸ் விழாவில் டியூக் எல்லிங்டன் குழு வாசித்துக்கொண்டிருக்கிறது. பால் கன்சால்வெஸ் சாக்ஸபோனில் 27 ஆவர்த்தம் நிறுத்தாமல் வாசிக்கிறார். ஒரு பெண் எழுந்து ஆடத் தொடங்க, கூட்டம் முழுவதும் நாற்காலிகளை விட்டு எழுகிறது. அந்த ஆரவாரம் வாசிப்பவரை மேலும் மேலும் தள்ளிக்கொண்டுபோகிறது. ஆனால் பின்னால் வெளிவந்த தட்டில் பெரும் பகுதி, ஸ்டுடியோவில் மறுபடி வாசித்துக் கைதட்டலை ஒட்டுப்போட்டது. உண்மையான மேடை ஒலி, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் ஒலிநாடாவிலிருந்து மீட்கப்பட்டு 1999-இல்தான் வெளிவந்தது. மடு என்று நம்பிக் குடித்ததில் பாதி குழாய்த் தண்ணீர். தட்டு சேர்ப்பவர் தேதியையும் அச்சு எண்ணையும் துருவித் துருவிப் பார்ப்பதற்கு இங்கே ஓர் அறம் இருக்கிறது. எந்த ஆற்றிலிருந்து வந்த நீர் என்று தெரிந்துகொள்ளும் கடமை அது.

இரண்டாம் இடறல், பதிவு எல்லாவற்றையும் வைத்திருப்பதில்லை என்பது. தேவார ஏடுகள் தில்லையில் பூட்டிய அறையில் செல்லரித்துக் கிடக்க, நம்பியாண்டார் நம்பியும் சோழ மன்னனும் மீட்டதைத் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. ஏடு கிடைத்துவிட்டது, பண் கிடைக்கவில்லை. ஓலையில் சொல் இருந்தது, சுரம் இல்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணை எருக்கத்தம்புலியூரில் கண்டு, அவர் பாடக் கேட்டே பண்களை வகுத்தார்கள். ஏட்டைச் செல்லிலிருந்து மீட்ட கையும், தொண்டையில் பண்ணைக் காத்த பெண்ணும் சேர்ந்துதான் இன்று ஓதுவார் பாடுவது நம் காதுக்கு வருகிறது.

78 சுற்றுத் தட்டும் அந்த ஓலை போன்றதே. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான். டி.என். ராஜரத்தினம் பிள்ளை கோயில் வீதியில் மணிக்கணக்காக நாகசுரத்தில் வளர்த்த தோடி, தட்டில் ஏறியபோது இரண்டு பக்கத்தில் சுருங்கியது. அதைக் கேட்டவர்கள் அது முழுத் தோடி என்று ஏமாறவில்லை. மூன்று நிமிடத்துக்கு அப்பால் என்ன இருந்திருக்கும் என்று ஏங்கினார்கள். ஜாஸிலும் இதே கதைதான். 1948-இல் கொலம்பியா கம்பெனி நீள்தட்டைக் கொண்டுவந்து பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கொடுத்த பிறகே மேடையில் வாசிக்கும் நீளம் தட்டுக்குள் வர முடிந்தது.

கீத் ஜாரட் 1975 ஜனவரி 24 அன்று ஜெர்மனியின் கோல்ன் நகரில், முன்தயாரிப்பு எதுவுமின்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் பியானோ வாசித்தார். கேட்டிருந்த பியானோ வரவில்லை. வந்தது சுருதி சரியில்லாத சின்னப் பியானோ. அந்தக் குறையைச் சுற்றிச் சுற்றியே அன்றைய இசை பிறந்தது. லட்சக்கணக்கில் விற்ற அந்தத் தட்டைச் சிலர் சுரம் சுரமாக மனப்பாடம் செய்தார்கள். சுரக்குறிப்பு வேண்டும் என்று பலர் கேட்டும் ஜாரட் நெடுநாள் தயங்கினார். கடைசியில் இசைந்தபோது, எழுத்தை நம்பாமல் பதிவைக் கேட்டே வாசிக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்.

காஞ்சி நெசவாளருக்கு அந்தத் தயக்கம் உடனே புரியும். அவர் தறியின் மேல் துளையிட்ட ஜக்கார்டு அட்டைகள் தொங்குகின்றன. கரையில் வரவேண்டிய அன்னமும் ருத்திராட்சமும் அந்தத் துளைகளில் இருக்கின்றன. ஆனால் அட்டை சேலையை நெய்வதில்லை. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். கூட ஒருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள, இழைக்கு இழை இரண்டு நிறத்தையும் கோக்க வேண்டும். அந்தக் கோர்வை அன்றன்றைக்குக் கையில் நடப்பது. அட்டையைச் சேலை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதே ஜாரட்டின் கவலையும்.

மூன்றாம் இடறல் பற்று. சேர்ப்பவர் மனசுக்குள் மட்டுமே நடக்கும் போராட்டம் இது. 78 சுற்றுத் தட்டு அரக்கும் கல்பொடியும் கலந்து செய்தது. எஃகு ஊசி ஓடும் ஒவ்வொரு முறையும் அது சிறிது தேயும். ஊசியையும் பக்கத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கேட்பது செலவு செய்வது. கேட்காமலே வைத்தால் தட்டு புதிதாக இருக்கும், இசை இருக்காது. சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகமும் பழைய தட்டும் தேடி அலைந்த தலைமுறை ஒன்று உண்டு. 1985-இல் அந்தக் கட்டடம் தீயில் போயிற்று. சேர்ப்பவை எல்லாம் என்றாவது தீக்கோ செல்லுக்கோ போகக்கூடியவை என்று அறிந்தும் சேர்ப்பது பேராசையா, பக்தியா?

காஞ்சியின் கோயில்கள் இதற்கு இரண்டு வழிகள் வைத்திருக்கின்றன. ஏகாம்பரநாதர் மணல் லிங்கம், பிருதிவித் தலம். அதனால் லிங்கத்தின்மேல் நீர் ஊற்றுவதில்லை, நீராட்டெல்லாம் ஆவுடையாருக்கே. கரைந்துவிடாமல் காக்க வேண்டும். அதற்காகத் திரைபோட்டு மறைத்தும் வைக்கக் கூடாது. நாள்தோறும் தரிசனம் உண்டு, தொடும் முறையில் மட்டும் கட்டுப்பாடு. வரதராஜப் பெருமாள் கோயிலின் அத்தி வரதர் நேர்மாறு. அனந்தசரஸ் குளத்துக்கு அடியில் இருந்துவிட்டு நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வருகிறார். 1939, 1979, பிறகு 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். முதலில் கிடந்த கோலம், ஆகஸ்ட்டில் நின்ற கோலம். அந்த 48 நாளும் அவருடைய படம் எல்லார் கைப்பேசியிலும் இருந்தது. தொலைக்காட்சியில் ஓயாமல் காட்டினார்கள். ஆனாலும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வந்ததாகக் கணக்குச் சொன்னார்கள். ஆடி வெயிலில் மணிக்கணக்காக நின்று, சில நொடி பார்த்துவிட்டுப் போனார்கள். படத்தை அவர்கள் குறைவாக மதிக்கவில்லை. படம்தான் அவர்களைக் காஞ்சிக்கு நடத்திக் கூட்டிவந்தது.

தட்டும் பல நேரம் செய்வது அதுவே. கேட்டவரை மேடைக்கு எதிரே கொண்டுவந்து உட்கார வைக்கிறது. மேடையில் கேட்டவர் வீடு திரும்பித் தட்டைத் தேடுகிறார். மடு ஆற்றை மறக்கவிடுவதில்லை. 1958-இல் டேவ் புருபெக் குழு அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் இந்தியா வந்து சென்னையிலும் வாசித்தது. அப்போது அதன் டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோ, மிருதங்க வித்துவான் பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்தார். நயினா பிள்ளையின் மேடையில் கஞ்சிரா வாசித்த தட்சிணாமூர்த்தி பிள்ளையின் அதே புதுக்கோட்டை மரபுக் கை அது. மறு ஆண்டு வந்த புருபெக்கின் ‘டைம் அவுட்’ தட்டில் ஐந்து எண்ணிக்கையில் அமைந்த ‘டேக் ஃபைவ்’ உலகம் சுற்றியது. கண்ட நடையில் வளர்ந்த காதுக்கு அந்த ஐந்து அந்நியமாகத் தோன்றியிருக்காது. 1980-இல் பம்பாய் ஜாஸ் விழாவில் கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோனைக் கேட்ட ஜாஸ் கலைஞர் ஜான் ஹேண்டி, தானும் மேடையேறிச் சேர்ந்து வாசிக்கலாமா என்று கேட்டார். ஜாஸின் அடையாளமான அந்தக் கருவியை வாசித்த கத்ரி, பின்னர் காஞ்சி காமகோடி பீடத்தின் ஆஸ்தான வித்துவானாகவும் ஆனார்.

நயினா பிள்ளைக்கு வருவோம். மடு விட்டுவைக்காத ஆறு அவர். ஆனால் ஆறு ஓடிய நிலம் காய்ந்துவிடவில்லை. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அவரிடம் பயின்றார். வீணை தனம்மாளின் பேத்தி பிருந்தா அவரிடம் கற்றார். காஞ்சியில் 1919-இல் பிறந்த டி.கே. பட்டம்மாள் சிறுமியாக அவர் கச்சேரிகளைக் கேட்டார். கேட்ட கிருதிகளை வீட்டுக்கு வந்து குறித்துவைத்துப் பாடிப் பார்த்தார். பத்து வயதில், 1929-இல், வானொலியில் பாடினார். பின்னால் ‘பல்லவி பட்டம்மாள்’ என்றே பெயர் வாங்கினார்.

நயினா பிள்ளையின் குரலைத் தேடும் சேகரிப்பாளர், எந்தக் கடையில் எந்தக் கட்டைப் புரட்டினாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். திரும்பும்போது அவர் வாங்கி வரக்கூடியது பட்டம்மாளின் பல்லவி ஒன்று. ஊசி வரியில் இறங்கிச் சிறிது நேரம் கரகரக்கும். பிறகு குரல் எழும். பல்லவி காலம் மாறும் இடத்தில் கேட்பவரின் கை தானாகத் தொடையில் தாளம் போடத் தொடங்கும். 1934-க்கு முன் காஞ்சியில் ஒரு புல் பெஞ்ச் மேடைக்கு எதிரே உட்கார்ந்திருந்த அந்தச் சிறுமியின் கையும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்திருக்கும்.